அப்பாவின் கிறுக்கும் பிள்ளைகளின் கணக்கும்

கேள்வி இதுதான்: “‘தி ஃபேமிலி ஃபேங்’ பார்த்ததிலிருந்து, வளர்ந்த பிள்ளைகளும் கிறுக்குப் பிடித்த அப்பா அம்மாவுமாக ஒரு கதையை வேலூரில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் இருக்கவேண்டும், நெஞ்சையும் பிடிக்கவேண்டும். என் கதையில் அப்பா ஹெல்மெட் போட்டுக்கொண்டு தூங்குவார். அம்மா கொலுப் பொம்மைகளோடு பேசுவார். மூன்று பிள்ளைகள் ஊரிலிருந்து வருகிறார்கள். இப்படி ஒரு அப்பா அம்மாவை நம் ஊரில் யார் நம்புவார்கள் என்று தயாரிப்பாளர் கேட்கிறார். எங்கே தப்பு?”

உங்கள் தயாரிப்பாளர் ஒரு வாரம் வேலூரில் தங்கிப் பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். நான் பிறந்து வளர்ந்தது வேலூர் சத்துவாச்சாரி. கொஞ்ச காலம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு, இப்போது அடுத்தவர் திரைக்கதையைப் படித்துக் குறை சொல்லும் வேலை பார்க்கிறேன். கிறுக்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஆனாலும் தயாரிப்பாளர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அப்பா ஹெல்மெட்டோடு தூங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? அம்மா பொம்மையோடு பேசினால் எந்தப் பிள்ளையின் பிழைப்பு கெட்டது? யாருக்கும் நஷ்டமில்லாத கிறுக்கு மாறுவேடப் போட்டி மாதிரி. கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்வோம். கெவின் வில்சனின் 2011 நாவலை வைத்து ஜேசன் பேட்மேன் 2015-ல் எடுத்தது. தம்பியாக அவரே நடித்தார், அக்காவாக நிக்கோல் கிட்மன், அப்பாவாக கிறிஸ்டோபர் வாக்கன். பொது இடத்தில் திடீரென்று கலாட்டா நடத்தி, சனங்கள் மிரள்வதைப் படம்பிடித்து, அதுதான் கலை என்று சொல்கிற அப்பா அம்மா. பிள்ளைகளையும் அதில் நடிக்க வைத்தார்கள். அந்தக் கலையில் பிள்ளைகளுக்குப் பேர்கூடக் கிடையாது. ‘குழந்தை ஏ’, ‘குழந்தை பி’, அவ்வளவுதான். வளர்ந்தபின் ஒருத்தி நடிகை, ஒருவன் எழுத்தாளன். இருவரும் நொந்துபோய் வீடு திரும்புகிறார்கள். அப்புறம் அப்பா அம்மா காணாமல் போகிறார்கள். காரில் ரத்தம். போலீஸ் இருவரும் செத்திருப்பார்கள் என்கிறது. பிள்ளைகளுக்கோ இதுவும் ஒரு கலாட்டாவாக இருக்குமோ என்று சந்தேகம்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கலாட்டாக்களைப் பார்த்து எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. பெற்றவர்கள் செத்துவிட்டார்கள் என்று சொன்னால், நம்பி அழக்கூட அந்த இரண்டு பேருக்கும் முடியவில்லையே, அங்கேதான் என்னைப் படம் பிடித்தது. கூத்தடித்தது பெற்றவர்கள், விலை கொடுத்தது பிள்ளைகள். உங்கள் கதையில் இல்லாதது அந்த விலைதான். அப்பாவின் கிறுக்குக்கு யார் செலவு செய்தார்கள், அதை யார் இன்னும் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

ஹெல்மெட்டை எடுத்துவிடுங்கள். பதிலுக்கு நம் மண்ணிலிருந்தே ஒரு கிறுக்கைத் தருகிறேன். உங்கள் அப்பா பாத்திரம் வருவாய்த் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கிலி பிடித்து, சர்வே கல் தேடி, உட்பிரிவு போட்டு, ஊரில் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் பாகம் அளந்து கொடுத்த மனுஷன். ஆனால் 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தையே இரண்டாகப் பிரித்து, திருவண்ணாமலையைத் தனியாக ஆக்கினார்களே, அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2019-ல் மிச்சத்தையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எந்தப் படிவமானாலும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றுதான் எழுதுவார். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சடித்தார்.

கேட்கும்போது சிரிப்பாக இருக்கிறது இல்லையா? இப்போது செலவைப் பாருங்கள். அவர் கையால் எழுதிக் கொடுத்த விலாசத்தால் சின்ன மகனின் சான்றிதழ் ஒன்றில் மாவட்டம் தப்பாக விழுந்தது. பாஸ்போர்ட் விசாரணை இழுத்தடித்தது. கல்ஃப் வேலை கைவிட்டுப் போனது. அவன் இன்று வேலூரிலேயே, அதே வீட்டிலேயே இருக்கிறான். அப்பாவுக்குக் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். அண்ணனும் அக்காவும் சென்னையிலிருந்து வந்து “நைனாவுக்கு எப்பவும் தமாஷ்தான்” என்று சிரித்தால், அவன் சிரிப்பானா? அந்த ஒரு முகத்தை நீங்கள் படம்பிடித்துவிட்டால் வசனமே வேண்டாம்.

அவருக்கு ஏன் அந்தப் பிடிவாதம் என்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். கூடப் பிறந்த தங்கையைப் போளூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார் என்று வையுங்கள். மாவட்டம் பிரிந்த வருஷமும் தங்கையோடு பேச்சு நின்ற வருஷமும் ஒன்று. ஆனால் இதை அவர் வாயால் சொல்லவைத்தால் படம் கெட்டது. பழைய புலப்படம் (நிலம் அளந்த வரைபடம்) ஒன்றைச் சுருட்டி பீரோ மேல் வைத்திருக்கிறார், யாரும் தொடக்கூடாது. அது போதும்.

அம்மாவுக்கு வருவோம். இங்கேதான் வேலூர் உங்களுக்குக் கையில் வைத்துக் கொடுக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகை வங்காளியில் இருக்கும். வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் என்பதால் ரூமோடு ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை வரும். ஊர்க்காரனுக்கே ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறோம் என்று புரியாது.

உங்கள் அம்மா மாடியில் நாலு ரூம் கட்டி வாடகைக்கு விட்டவர். படித்தது எட்டாவது. வங்காளி சரளமாகப் பேசுவார், திட்டும்போது மட்டும் தெலுங்கு. ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரிப்போர்ட் பார்த்துக் கருத்துச் சொல்வார். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் கௌஹாத்தியிலிருந்து ‘மா’ என்று போன் வரும், அரை மணி நேரம் பேசுவார். சொந்த மகள் போன் செய்தால், “அப்புறம் பேசறேண்டி, பேஷன்ட் வந்திருக்காங்க.” ஒரு தடவை யாரோ ஒரு பையனின் ஆபரேஷனுக்கு முன்பணம் கட்ட, வயசுக்கு வந்தபோது மகளுக்குப் போட்ட செயினைக் கழற்றி அடகு வைத்துவிட்டார். அக்கம்பக்கம் அவரை மகராசி என்கிறது. மகளுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. இன்னும் அந்தச் செயின் ஞாபகத்திலிருந்து போகவில்லை.

இந்த மாதிரி நல்ல கிறுக்குதான் எழுதுவதற்குக் கஷ்டமானது. கெட்ட அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் புகார் சொல்லலாம். ஊரே கும்பிடுகிற அம்மாவைப் பற்றி யாரிடம் சொல்வது?

மூன்று பேரும் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மொட்டை மாடிதான். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் வீட்டுக்குள் யார் தூங்குவார்கள்? சாயங்காலமே தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவோம். சிமெண்ட்டிலிருந்து ஆவி கிளம்பும், ஒரு மாதிரி மண் சூடு வாசனை அடிக்கும். அது அடங்கியபின் பாயை விரிப்போம். பத்து மணிக்கும் முதுகு சுடும். அந்த மாடியில் மூன்று பேரும் சின்ன வயதில் படுத்த அதே வரிசையில் படுத்திருக்கிறார்கள். பெரிய தம்பி ஆரம்பிக்கிறான்.

“இன்னாக்கா, அந்தச் செயினை இன்னும் ஞாபகம் வெச்சிகினு கீறியா? மூணு மாசத்துல மூட்டுட்டாங்களே.”

“மூட்டாங்க. அப்புறம் எங்கடா அது?”

“எங்க?”

“வித்து உனக்குக் காலேஜ் பீஸ் கட்டுனாங்க.”

“அது நைனா லோன் போட்டது.”

“லோனு!” என்று அக்கா திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதுவரை அம்மாவின் தரும புத்தியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று செலவுக் கணக்கில் தன் பேரைப் பார்க்கிறான். சின்னவன் இருட்டில், “எனக்குத் தெரியும்” என்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், கூடவே இருக்கிறவன் ஆயிற்றே. ஒரே வீட்டில் வளர்ந்த மூன்று பேருக்கும் மூன்று அப்பா, மூன்று அம்மா. படம் முழுக்க ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்திக்கொண்டே போகவேண்டும்.

பேச்சுவழக்கு பற்றி ஒரு வார்த்தை. ‘வந்துகினு’, ‘கீறான்’ எல்லாம் வடாற்காட்டில் உண்டுதான், ஆனால் எல்லார் வாயிலும் திணித்தால் அது பழைய சினிமா மெட்ராஸ் பாஷை ஆகிவிடும். சென்னையில் இருபது வருஷம் இருந்த அக்கா சுத்தமாகப் பேசட்டும். கோபம் வரும்போது மட்டும் ஊர் வாய் வரட்டும்.

சிரிப்பும் அழுகையும் ஒரே படத்தில் எப்படி நிற்கும் என்ற பயம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதற்கு வெளிநாட்டுப் படம்வரை போகவேண்டாம், செய்யாறு பக்கம் புரிசைக்குப் போய்வாருங்கள். அதுவும் பழைய வடாற்காடுதான். தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறான். ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிறவனும் அவன்தான், அதே மேடையில் ராஜாவைக் கிண்டல் செய்கிறவனும் அவன்தான். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுற்றி வந்து கர்ஜிப்பான். இவன் பக்கத்தில் நின்று அரிசி விலை பேசுவான். சனம் வயிறு வலிக்கச் சிரிக்கும். அதே ராத்திரி, அதே சனம், திரௌபதி சபைக்கு இழுத்துவரப்படும்போது கையெடுத்துக் கும்பிட்டு அழும். சிரிப்புக் காட்சி தனி, சோகக் காட்சி தனி என்று யாரும் பிரித்து வைப்பதில்லை. உங்கள் கதையிலும் ஒரு கட்டியங்காரன் வேண்டும். சின்னவனின் மனைவியை வையுங்கள். இந்த வீட்டில் பிறக்காதவள், ஆனால் தினமும் சமைக்கிறவள். அவளுக்குத்தான் மாமனார் மாமியாரைப் பற்றி உண்மையைச் சொல்ல உரிமை உண்டு, ஆனால் கேட்க ஆள் கிடையாது. அதனால் குக்கரிடம் சொல்லட்டும்.

பழைய தமிழ்ப் படங்களில் இதே வேலையை மனோரமா செய்திருக்கிறார். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ 1986-ல் வந்தது. மூத்த மகன் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கணக்குப் பார்க்கப்போய், சண்டை முற்றி, அப்பா அம்மையப்ப முதலியார் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துவிடுவார். அந்தக் கோட்டைத் தாண்டி ஏச்சும் பேச்சும் நடத்துவது வேலைக்காரி கண்ணம்மாவான மனோரமா, வீட்டு ஆள் இல்லை. தேசிய விருது வாங்கிய படம். கோடு கிழிப்பதை மட்டும் நீங்கள் மறுபடி செய்யாதீர்கள், ஊரே சிரிக்கும். வேண்டுமானால் உங்கள் சர்வேயர் அப்பா பிள்ளைகள் கண்ணெதிரே டேப் பிடித்து வீட்டை அளக்க ஆரம்பிக்கட்டும், எதற்கு என்று சொல்லாமல். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி கலங்குவார்கள். மூன்று நாள் கழித்து அது பெயிண்ட் அடிக்க எஸ்டிமேட் என்று தெரியட்டும்.

சொத்து என்று வந்துவிட்டதால் சட்டத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு என்றால், உயிரோடு இருக்கும்வரை அவர் விருப்பம்தான். பிள்ளைகள் பங்கு கேட்டு நிற்க முடியாது. ஒருவருக்கே செட்டில்மெண்ட் எழுதலாம். கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அந்தப் பிள்ளை கவனிக்காவிட்டால், மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம். சர்வேயருக்கு இது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். காப்பி ஆறியிருந்தால்கூட “இருபத்து மூணாவது பிரிவு” என்று முனகுகிற மாமனாரை நான் பணம் கொடுத்துப் பார்ப்பேன்.

அப்புறம், மூன்று பேரையும் எப்படி வீட்டுக்குள் கட்டிப்போடுவது? திருவிழா வைக்கலாம் என்றால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு இருக்கிறது, வைகாசி முதல் நாள். அப்பன் பேச்சைக் கேட்டு மகன் தாயின் தலையை வெட்டிய ரேணுகாவின் கதை. மாட்டேன் என்ற மற்ற பிள்ளைகளை அப்பன் சபித்த கதை. பெற்றோர் கிறுக்குக்குப் பிள்ளைகள் விலை கொடுத்ததற்கு இதைவிடப் பழைய சாட்சி எங்கே? ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தைப் படம்பிடிக்க உங்களிடம் பணம் இருக்காது. மலிவான வழி சொல்கிறேன். 2021 டிசம்பரில் திருவலம் பக்கத்தில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் என்று சென்னை ரயில்களை நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் கதையை வையுங்கள். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நினைத்திருந்தால் மூன்று மணி நேரத்தில் சென்னை போயிருக்கலாம். ஆனால் “ரயில் இல்லையே” என்று சொல்லிக்கொண்டே அக்காவும் அண்ணனும் இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள் என்று இருந்துவிடுகிறார்கள். யாரும் பஸ் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு இதுதான் படத்தின் இடைவேளை.

ஊர் திரும்புவது பற்றி எங்கள் பேட்டையில் ஒரு பெருமை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. ஆறுண்டு நீரில்லை, மலையுண்டு மரமில்லை, கோட்டையுண்டு ராஜா இல்லை, கோயிலுண்டு சாமியில்லை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக்குள் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் பல நூறு வருஷம் மூலவர் இல்லாமல் கிடந்தது. சாமி சத்துவாச்சாரியில் இருந்தார். 1981-ல்தான் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். சாமிக்கே வீடு திரும்ப அத்தனை காலம் ஆனது என்றால் பிள்ளைகளை என்ன சொல்ல.

கடைசியாக என் வீட்டுக் கதை. என் அப்பாவுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. ஆடிப் பதினெட்டானால் எங்களைப் பாலாற்றில் குளிக்கக் கூட்டிப்போவார். பாலாற்றில் ஏது தண்ணீர்? மணல்தான், அதிலும் லாரிக்காரர்கள் விட்டுவைத்த மிச்சம். துண்டு, சோப்பு டப்பா, மாற்றுத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போவோம். மணலில் உட்காருவோம். “வரும், ஒருநாள் வரும்” என்பார். புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். எனக்கு அது உலகத்திலேயே பெரிய தமாஷ். சினிமா நண்பர்களிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் என் அக்காவிடமும் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “மணல் ஒட்டின துண்டு நாலையும் யார் துவைச்சது? தெருவுல பொம்பளைப் பசங்க ‘ஆத்துல குளிச்சியாடி’ன்னு கேட்டது யாரை?” என்றாள். எனக்கு அதுவரை தெரியாது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு வந்தது. அப்பாவுக்கு அப்போது நடக்க முடியாது. அக்காவும் நானும் ஓர் ஆட்டோவில் உட்காரவைத்துக் காட்பாடி போகிற பாலத்துக்குக் கூட்டிப்போனோம். ஊரே அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், முள்மரங்களை வேரோடு இழுத்துக்கொண்டு, பாலத்துத் தூண்களில் மோதி இரைந்தது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அழுகிறாரோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

“துண்டு கொண்டாந்தீங்களா?” என்றார்.

அக்கா கைப்பையைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “சோப்பு?” என்றார். சோப்பு இல்லை. பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று அன்று ராத்திரி தூங்கும்வரை எங்கள் இரண்டு பேரையும் திட்டினார்.